ஐந்தருவியில் இரண்டு மஞ்சள் பைகள்

தென்காசியில் இறங்கியதும் நான் முதலில் எண்ணியது குடைகளை. பேருந்து நிலையத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதற்குள் நாற்பத்தொரு குடைகள் கண்ணில் பட்டன. விரித்திருந்தவை மூன்றுதான். வானத்திலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை மழை என்று ஒப்புக்கொள்ள அங்கே ஆள் இல்லை. டீக்கடையில் ஒதுங்கிய என்னிடம் கடைக்காரர், "இது மழை இல்ல அண்ணாச்சி, சாரல். இதுக்குப் போயி குடையை விரிச்சா ஊர்ல சிரிப்பாக" என்றார். விரித்திருந்த மூன்றில் ஒன்று என்னுடையது.

எங்கள் குடியாத்தத்தில் ஜூன் மாதம் இப்படி நாலு தூறல் விழுந்தால் தெருவே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். பாலாற்றில் தண்ணீர் ஓடி நான் பார்த்த வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணியும் வைத்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடம் மருந்தாளுநராக இருந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எண்ணாவிட்டால் எதையோ விட்டுவிட்டு வந்ததுபோல மனசு அடித்துக்கொள்ளும்.

வந்த காரியம் இதுதான். என் பேத்தி பவித்ரா பிளஸ் டூ முடித்திருக்கிறாள். செடி கொடி என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவாள்; தாவரவியல்தான் படிப்பேன் என்றாள். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில், மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியை அவளே தேடிக் கண்டுபிடித்தும் வைத்திருந்தாள். அவளுடைய அப்பா, என் மகன் சேகர், வேலூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கட்டும் என்றான். இரண்டு மாதம் இழுபறி. கடைசியில் சேகர், "அப்பா போய்ப் பாத்துட்டு வரட்டும். அவர் சரின்னா சரி" என்று சொல்லிவிட்டான்.

பெருந்தன்மையாகச் சொன்னதாகத் தோன்றும். ஆனால் அவனுக்கு என்னைத் தெரியும். வாடகைக்கு வீடு தேடிய காலத்தில் பதினோரு வீடுகளில் குறை கண்டுபிடித்துத் திரும்பி வந்தவன் நான். பவித்ராவுக்கும் அது தெரியும். அதனால் வழியெல்லாம் அவள் என் முகத்தைவிட என் சட்டைப் பையில் இருந்த குறிப்பு நோட்டைத்தான் அதிகம் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் நான் புறப்பட்டேன். பதினேழு வயதுப் பெண்ணை இவ்வளவு தூரத்தில் விட எனக்கு மனசில்லை.

பார்க்க மட்டும் வருவதானால் அசல் சான்றிதழ்கள் தேவையில்லை என்று கல்லூரியில் போனில் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் ஆறு நகல், எல்லாவற்றையும் பொத்தான் வைத்த நீல நிற ஃபைலில் போட்டு, ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பைக்குள் வைத்துக் கையோடு கொண்டு வந்தேன். லாட்ஜில் விட்டுவிட்டு வர எனக்கு நம்பிக்கை இல்லை.

லாட்ஜ்காரர் கல்லூரி ஏழாவது நிறுத்தம் என்றார். குற்றாலம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்து நிறுத்தங்களை எண்ணினேன். ஏழு வந்ததும் பவித்ராவை அவசரப்படுத்தி இறக்கினேன். எதிரே ஒரு பூட்டிய அரிசி ஆலைதான் இருந்தது. நடத்துநர் படியில் தொங்கியபடியே, "தாத்தா, இது மேலகரம். கை காட்டுன எடத்துல எல்லாம் வண்டி நின்னுச்சு, அதையும் ஸ்டாப்புன்னு எண்ணிட்டீயளாக்கும்" என்றார். விசில் கொடுத்துவிட்டுப் போயும்விட்டார்.

சாரலில் நடந்தோம். எனக்கு எரிச்சல், பவித்ராவுக்குக் கொண்டாட்டம். ஒரு வீட்டு மதில் சுவர் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. சுவர் முழுக்கப் பாசியும் பெரணியும். "தாத்தா, இந்த ஒரு சுவர்லயே ஏழு வகை பெரணி இருக்கு" என்றாள். எண்ணுகிற வியாதி எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கல்லூரியைப் பற்றிக் குறையாகச் சொல்ல முதலில் ஒன்றும் அகப்படவில்லை. தாவரவியல் துறைப் பேராசிரியை செருப்பில் சேறோடு வந்து பேசினார். பாதி வகுப்பு மலையில்தான் நடக்குமாம். ஆய்வகத்தில் நுண்ணோக்கிகள் இருபத்திரண்டு; அதில் மூன்று பழுது. மூலிகைத் தோட்டத்தில் பெயர்ப்பலகை இல்லாத செடிகளுக்குக்கூட பவித்ரா பெயர் சொன்னதும் பேராசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விடுதியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

வகுப்புகள் தொடங்காததால் விடுதி காலியாக இருந்தது. அதனால்தான் என்னை உள்ளே விட்டார்கள். விடுதிக் காப்பாளர் அம்மையார் சாவிக்கொத்தோடு முன்னே நடக்க, நான் எண்ணிக்கொண்டே பின்னே போனேன். தங்கப்போகிற மாணவிகள் அறுபத்து நான்கு பேராம். குளியலறை ஒன்பது. ஒவ்வொரு கதவையும் மூடித் திறந்து பார்த்தேன். ஏழுக்குத்தான் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. இரண்டில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

"பிள்ளைக தண்ணி வாளியை முட்டுக் குடுத்து வச்சுக்கிடுவாக சார். இதுவரைக்கும் ஒரு பிராது வந்ததில்ல" என்றார் அம்மையார். நான் நோட்டை எடுத்து, 'தாழ்ப்பாள்: 2 இல்லை' என்று எழுதினேன். அவர் என் பேனா நிற்கும்வரை பொறுத்திருந்து, "எண்ணி முடிச்சாச்சா? ஜன்னல் கம்பி பாக்கி இருக்கு" என்றார். அதையும் எண்ணினேன். சரியாக இருந்தது.

அன்று மாலை தென்காசியில் ஒரு பரோட்டாக் கடை. பரோட்டா எங்கள் ஊரில்போல அகலமாக இல்லை. கைக்கு அடக்கமாக, ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. பிய்த்துப் போட்டுச் சால்னாவை மேலே ஊற்றி ஊறவிட்டார்கள். வயிற்றுக்கு ஆகாது என்று முன்னெச்சரிக்கையாக ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டோடு நிறுத்துவதாக இருந்தேன், நான்கு ஆகிவிட்டது. பவித்ரா பாதி பரோட்டாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "தாழ்ப்பாள் இருக்கிறது ஏழு தாத்தா. அதை எழுதினீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கறதை எதுக்கு எழுதணும்? இல்லாததைத்தான் எழுதுவாங்க" என்றேன். மருந்துக் கிடங்கில் அப்படித்தான் செய்வோம். அவள் எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாரலைப் பார்த்து நின்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்தருவிக்குப் போனோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குளிக்காமல் போனால் ஊரில் கேட்பார்கள் என்று நான்தான் அழைத்துப் போனேன். மலைச்சரிவில் அருவி இறங்கும் இடத்தை நின்று பார்த்தேன். நான்குதான் இருந்தன. இன்னொரு முறை, இடமிருந்து வலமாக எண்ணினேன். நான்குதான். வழியோரத்தில் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்தவரிடம் ஐந்தாவது எங்கே என்று கேட்டேன். "தண்ணி கூடட்டும் அண்ணாச்சி, அதுவே வந்து ஆஜர் சொல்லும்" என்றார்.

பக்கத்தில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று சிப்ஸ்காரரிடம் கேட்டேன். "நம்ம ஊர் மலையில பெய்யுத மழைதானே இங்க வந்து விழுது, இதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோமேன்னு அந்தம்மா சொல்லுதாக" என்று மொழிபெயர்த்தவர், வறுவலை அள்ளிப் போட்டபடி, "மழை அவுகளுது, அருவி நம்மளுது. குளிக்க இங்கதான வரணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பவித்ரா பெண்கள் வரிசைக்குப் போனாள். எனக்குச் சைனஸ், நான் குளிப்பதாக இல்லை. நனையாத ஒரு கட்டைச் சுவராகப் பார்த்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த பிழை என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. குளிக்காமல், முழுக்கால் சட்டையோடு, நரைத்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் அங்கே பொதுச் சொத்து போலிருக்கிறது. ஒருவர் வந்து, "அண்ணாச்சி, செத்த பாத்துக்கிடுங்க" என்று பையை வைத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து இன்னொருவர் வைத்தார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அரை மணிக்குள் என்னைச் சுற்றிப் பைகள் ஒன்பது, கைப்பேசிகள் பதினொன்று, மூக்குக் கண்ணாடிகள் நான்கு, கடிகாரம் இரண்டு. ஒரு பெரியவர் கைக்குட்டையில் முடிந்த ஒரு பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, பொக்கை வாயால், "பல்லு. பத்திரம்" என்றார்.

எழுந்து போகவும் முடியாது. கண்ணை எடுக்கவும் முடியாது. மடியில் இருந்த என் பையையும் மற்றப் பைகளோடு இறக்கி வைத்துவிட்டு, நோட்டில் பட்டியல் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் திரும்பினால் செருப்பு இருக்காது. இங்கே முன்பின் தெரியாத என்னை நம்பிப் பல்லையே கொடுக்கிறார்கள். கோபமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

திடீரென்று போலீஸ் விசில். தண்ணீர் கூடிவிட்டது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்றார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சொட்டச் சொட்ட என்னிடம் வந்தார்கள். மருத்துவமனையில் திங்கட்கிழமைக் கூட்டத்தைச் சமாளித்தவன் நான், பதறவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்தேன். ஒல்லியாக ஒருவர் வந்து, கண்ணில் வழியும் தண்ணீரைத் துடைத்தபடி மஞ்சப் பை என்றார். இடது பக்கம் இருந்ததை எடுத்து, எதற்கும் ஒரு தடவை மேலாகத் தடவிப் பார்த்தேன். உள்ளே ஃபைல் இருந்தது. அவரும் தடவிப் பார்த்தார். ஃபைல் இருந்தது. வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் ஒரே ஒரு மஞ்சள் பை மிஞ்சியது. கணக்கு நேராகிவிட்டது.

பவித்ரா நடுங்கிக்கொண்டே வந்தாள். உதடு நீலமாக இருந்தது. முகம் மட்டும் முந்தின நாள் மாலையைவிடத் தெளிந்திருந்தது. "அங்க பாருங்க தாத்தா, அஞ்சாவது" என்று கையைக் காட்டினாள். ஓரத்தில், மரங்களுக்கு இடையில், ஒல்லியாக ஒரு வெள்ளைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் வரிசையில் நின்று உடை மாற்றி வர முக்கால் மணி ஆகிவிட்டது. சூடான சிப்ஸ் வாங்கி ஆளுக்கு நாலு வாயில் போட்டிருப்போம். சேகரிடமிருந்து போன்.

"அப்பா, பவித்ரா சர்ட்டிபிகேட் எங்க?"

"என் கையிலதான் இருக்கு" என்றேன். பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டும் சொன்னேன்.

"திறந்து பாருங்க."

திறந்தேன். நீல ஃபைல். பொத்தான். உள்ளே மதிப்பெண் பட்டியல். அதில் பெயர் முத்துச்செல்வி, ஊர் அச்சன்புதூர்.

அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தேன். மருந்தகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன்: எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது, மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படிக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களுக்குச் சொன்னதை அன்று நான் செய்யவில்லை.

நடந்தது இது. முத்துச்செல்வியும் அதே கல்லூரியில் சேர வந்த பெண். அலுவலகத்தில் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னதால், இடையில் அப்பா அம்மாவோடு அருவிக்கு வந்திருக்கிறாள். திரும்பிப்போய்ச் சான்றிதழ்களை நீட்டியபோது எழுத்தர் குடியாத்தம் என்று வாசித்திருக்கிறார். உள்ளே இருந்த விண்ணப்பத்தில் சேகரின் எண். அழைத்துவிட்டார்கள்.

சேகர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரு ஃபைல் ரெண்டு நாள் பத்திரமா இருக்க முடியல. அந்த ஊர்ல மூணு வருஷம் பொண்ணை விடணுமா? போதும்பா, வாங்கிட்டு வந்துடுங்க" என்றான்.

நான் சொல்ல வந்ததும் அந்த முடிவைத்தான். என் வேலையை அவனே எளிதாக்கிக் கொடுத்துவிட்டான். சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பவித்ரா துண்டைத் தலையில் சுற்றியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரக் கையில் சிப்ஸ் பொட்டலம் நமுத்துக்கொண்டிருந்தது.

"ஃபைலை மாத்திக் குடுத்தது நான். இந்த ஊர் மேல எதுக்குடா பழியைப் போடற?" என்றேன். எனக்கே வியப்பாக இருந்தது.

"அப்போ சரின்னு சொல்றீங்களா?"

"அதை நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்கு ஓடினோம். எழுத்தர் எங்களைப் பார்த்ததும், "வாங்க சார். உங்களுக்கு முன்னால உங்க பேத்தி சர்ட்டிபிகேட்டு வந்துட்டு" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஒல்லி மனிதர் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தார். சுடலைமுத்து என்று பெயர். நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயி. "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. கண்ணெல்லாம் தண்ணி. பையைத் தொறந்து பாக்காம வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். இல்லை, என் மேல்தான் என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் தப்பைப் பங்கு போட்டுக்கொண்டோம். அவர் மனைவி வள்ளியம்மாள், "ஏட்டி செல்வி, மொதல்ல உன் பேரு இருக்கான்னு பாரு. பொறவு இவுக கதைய முடிச்சுக்கிடட்டும்" என்றார். முத்துச்செல்வி ஒவ்வொரு தாளாகப் பெயரைப் படித்து எடுத்துக்கொண்டாள். பவித்ராவும் படித்தாள். இரண்டு பெண்களும் எங்களைவிட விவரமானவர்கள்.

அப்போது எழுத்தர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "எல்லாம் சரியா இருக்கு சார். பாதுகாவலர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போட்டுட்டா சீட்டு உறுதி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருப்பேன்."

முந்தின நாள் வாங்கிய விண்ணப்பத்தைப் பவித்ரா எனக்குத் தெரியாமல் நிரப்பி ஃபைலில் வைத்திருக்கிறாள். தொலைபேசி எண் அவள் அப்பாவுடையது. பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் மட்டும் என் பெயர் இருந்தது. தாழ்ப்பாள் விவகாரத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறாள். முந்தின இரவு லாட்ஜில் அவள் கேட்டு வாங்கிய என் பேனாவின் மை அது, நிறத்திலிருந்தே தெரிந்தது. ஏன் என் பெயர் என்று கேட்டேன். "நீங்கதானே தாத்தா கூட வந்தது" என்றாள்.

மதியம் கல்லூரி வராந்தாவில் வள்ளியம்மாள் தூக்குவாளியைத் திறந்தார். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், ஒரு டப்பாவில் நல்லெண்ணெய். ஐந்து பேருக்கும் மூடியிலும் இலையிலும் பங்கு வைத்தார். கறுப்புத் தோல் உளுந்தும் பூண்டும் வெந்தயமும் சேர்ந்து, பொறுக்கக்கூடிய சூட்டில், கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. வளருகிற பெண்களுக்கு இடுப்புக்குப் பலம் என்று சொல்லிச் சொல்லிப் பவித்ராவுக்குப் போட்டார். மருத்துவமனையில் அதே பலத்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தவன் என்ற முறையில், இது மேல் என்று சொல்கிறேன். "உங்க ஊருக்கு நெனச்ச ஒடனே போக முடியாது. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துரு. இங்கன இருந்து பஸ்ஸு இருக்கு" என்றார் பவித்ராவிடம். இப்படிப் பலர் சொல்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முத்துச்செல்வி அதற்குள் பேருந்து நேரங்களை பவித்ராவின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆறு.

மாலையில் தென்காசிப் பெரிய கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் நுழையும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது, வராதே என்பதுபோல. பிடிவாதமாக உள்ளே நடந்தால், சில அடிகளில் அதே காற்று முதுகுக்குப் பின்னால் வந்து உள்ளே தள்ளுகிறது. என் குடை முதல் தள்ளலிலேயே மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. கம்பிகள் எட்டில் மூன்று போயின. பவித்ரா வாய்விட்டுச் சிரித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நான் குடையை மடக்கினேன். அந்தத் தாழ்ப்பாள் இல்லாத இரண்டு கதவுகள்தான் அப்போதும் என் மனசில் ஆடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் காலை, ரத வீதியில் இரும்புக் கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். ஆறு அங்குலத் தாழ்ப்பாள் இரண்டு, திருகாணி பதினாறு, கீழே விழுந்து தொலைந்தால் இருக்கட்டும் என்று மேற்கொண்டு நான்கு. கடைக்காரர் வீடு கட்டுகிறேனா என்று கேட்டார். பேத்தி படிக்கப்போகிறாள் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் பொட்டலம் கட்டினார். அப்படிச் சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன்.

விடுதிக் காப்பாளர் அம்மையார் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "சார், எத்தனையோ பேரு பிள்ளைகளைக் கொண்டாந்து விட்டிருக்காக. பட்டுச் சேலையோட வந்திருக்காக, பலாப்பழத்தோட வந்திருக்காக. தாழ்ப்பாளோட வந்தது நீங்கதான்" என்றார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டுத் திருப்புளி கொண்டுவரச் சொன்னார். பவித்ராவும் அம்மையாரும் கூடப் போனார்கள். நான் வெளியே படியில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக ஒரு கதவு அடைபடும் சத்தம், தாழ்ப்பாள் விழும் சத்தம். "எட்டு" என்று பவித்ராவின் குரல் வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை. "ஒம்போது." திருகாணி மூன்று திரும்பி வந்தது.

கல்லூரி அலுவலக வாசலில் நின்று சேகரை அழைத்தேன். எடுத்ததும், "சொல்லுங்கப்பா, எத்தனை குறை?" என்றான்.

நோட்டைப் பிரித்து வாசித்தேன். நுண்ணோக்கி மூன்று பழுது. பேருந்து கண்ட இடத்தில் நிற்கிறது. சாரல் சளி பிடிக்க வைக்கும். "பாத்ரூம் ஒன்பது. ஒன்பதுக்கும் தாழ்ப்பாள் இருக்கு" என்று முடித்தேன்.

எப்போதும் இல்லாததையே சொல்கிற நான் இருப்பதைச் சொன்னதை அவன் கவனித்துவிட்டான். என் மகன் அல்லவா.

"நேத்து எத்தனைக்கு இருந்தது?"

"ஏழு."

அவன் மூச்சு விட்டது கேட்டது. சிரித்தானா என்று தெரியவில்லை. "கையெழுத்தைப் போட்டுடுங்கப்பா" என்றான்.

உள்ளே போனேன். பவித்ரா என் பேனாவை மூடி கழற்றித் தயாராக நீட்டினாள். எழுத்தர் விண்ணப்பத்தை எடுத்து, விரலை வைத்து இடத்தைக் காட்டினார். நான் அவர் விரலை விலக்கி, தாளை முன்பக்கம் திருப்பி, மேலே இருந்த பெயரை ஒரு தடவை படித்தேன். பவித்ரா, குடியாத்தம். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.